கடுகு ஏறிய மூக்கு

அன்புள்ள ஐயா,

கொரோனா வந்துபோன பிறகு எனக்கு வாசனையே தெரிவதில்லை. காபி வெறும் கசப்பு, ரசம் வெறும் புளிப்பு. ஆனால் போன வாரம் வடுமாங்காயைக் கடித்தபோது கடுகு சுரீரென்று மூக்கில் ஏறிக் கண் கலங்கிவிட்டது. வாசனை திரும்பி வருகிறதா? அந்த ஆசையில் கடுகைக் கொதிநீரில் ஊறவைத்து அரைத்துப் பச்சடி செய்தேன். சப்பென்று இருந்தது. கடைக்காரர் மட்டமான கடுகைத் தலையில் கட்டிவிட்டார். ஒரு புலன் போனால் சாப்பாடே போய்விடுமா?

கே.

அன்புள்ள கே.,

மூக்கில் ஏறியது பிரமை இல்லை. ஆனால் அது வாசனையும் இல்லை. மணத்தை அறிவது ஒரு நரம்பு. எரிச்சல், குளிர்ச்சி, வலி இவற்றை மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு என்ற வேறொன்று. கடுகு தட்டியது இரண்டாவது கதவை. மருத்துவரைப் பாருங்கள், ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றைக் காலையும் மாலையும் முகரும் பயிற்சி உண்டு, பொறுமையாகச் செய்யுங்கள்.

சரி, கடைக்காரரை ஏன் திட்டினீர்கள்? குற்றம் உங்கள் கொதிநீரில்! முழுக் கடுகை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அதற்குள் காரத்துக்கு மூலமான சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்தில், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில். நசுக்கித் தண்ணீர் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கும். கொதிநீர் அந்த நொதியைக் கொன்றுவிடும். எண்ணெயில் வெடித்த கடுகு மூக்கில் ஏறாததும் இதனால்தான்.

என் அத்தை அம்மியில் கடுகு அரைப்பார். முதல் இழுப்பில் கறுப்புத் தோல் நொறுங்கி உள்ளே மஞ்சள் தெரியும். பச்சைத் தண்ணீர் தெளித்து இன்னும் இரண்டு இழுப்பு. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏறிடுச்சு, போதும்" என்பார். நாக்கில் வைத்தே பார்க்கமாட்டார். கண்ணில் நீர் வந்தால் பதம். தாளிக்கும்போதோ சமையற்கட்டுக்குப் பின்னால் நின்று படபடப்பை மட்டும் கேட்டு, "கறிவேப்பிலையைப் போடுடி" என்று குரல் கொடுப்பார்.

ருசி நாக்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தே நம்மைக் கெடுத்துவிட்டார்கள். மெல்லும்போது தொண்டை வழியாக மணம் மூக்குக்கு ஏறாவிட்டால் காபி ஏது? மிளகாயின் எரிச்சல் பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். கடுகின் காரம் ஆவியாகி மேலே போகும். மணம், எரிச்சல், மொறுமொறுப்பு, சூடு, சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் ருசி. இவற்றில் உங்களிடம் போனது ஒன்று. அதன் இழப்பு சிறியது என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சத்தையும் நீங்களே தூக்கிப் போடுவதுதான் எனக்குக் கோபம்.

இந்த ஞாயிறு அதே கடுகை எடுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்துப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். அப்புறம் தயிரில் கலக்குங்கள். வெள்ளரிக்காயை மட்டும் துருவிவிடாதீர்கள், பொடியாக நறுக்குங்கள். பல்லில் கடிபடும் அந்தச் சத்தமும் இப்போது உங்களுக்கு வேண்டும்.