பொன்னியை ஏற்காட்டில் விட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் சேலம் குகையில் ஓட்டு வீட்டில் இருந்தோம். போன மாதம் அழகாபுரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடி வந்தோம். எங்கள் பூனை பொன்னியையும் கூட்டி வந்துவிட்டோம். மூன்று வயது, இரண்டு தடவை குட்டி போட்டவள். அங்கே கூரை மேல் ஏறி, பக்கத்துத் தறிக்கூடத்தில் தூங்கி, இஷ்டம்போல் திரிவாள். இங்கே கதவைச் சாத்தினால் ராத்திரியெல்லாம் கத்துகிறாள், சோபாவைக் கிழிக்கிறாள், மிதியடியில் சிறுநீர் போகிறாள். "வாயில்லாத ஜீவனை அடைத்து வைப்பது பாவம், திறந்து விடு" என்கிறார் அத்தை. திறந்தால் கீழே தெருநாய்கள். என் வீட்டுக்காரர், ஏற்காட்டில் அவருடைய மாமா வேலை பார்க்கும் காபித் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து ஏழு வயது மகள் ஓயாமல் அழுகிறாள். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, பொன்னியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் கதவைச் சாத்தியதோடு நம் வேலை முடிந்துவிடாது. வெளியே அவளுக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே நாம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். அது இன்னும் நடக்காததால்தான் கத்துகிறாள், கிழிக்கிறாள்.

முதலில் ஏற்காட்டைப் பேசிவிடலாம். உங்கள் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். சில்வர் ஓக் நிழல், குளிர்ந்த காற்று, ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டம். பூனைக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பூனை மனிதர்களோடு ஒட்டுவதைப் போலவே இடத்தோடும் ஒட்டும். தன் வாசனை பட்ட சுவரும் தூணும் படிக்கட்டும்தான் அதற்குத் தைரியம். குகையிலிருந்து அழகாபுரம் வந்ததற்கே பொன்னி இப்படி ஆடிப்போயிருக்கிறாள். முன்பின் தெரியாத மலைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால் முதலில் ஓடி ஒளிவாள், அப்புறம் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடுவாள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அவளை அண்ட விடாது. நாய்கள் இருக்கும். எலிக்கு வைத்த விஷத்தைத் தின்ற எலி அவள் வாயில் சிக்கினால் அவள் உயிருக்கும் ஆபத்து.

மலையில் இருக்கும் மற்ற உயிர்களையும் நினைக்க வேண்டும். பூனை வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையாடும். செம்மீசைச் சின்னான் போன்ற பறவைகள் புதர்களில் கைக்கு எட்டும் உயரத்திலேயே கூடு கட்டுகின்றன. அந்தக் குஞ்சுகள் பூனையிடமிருந்து தப்புவது கடினம். தடுப்பூசி போடாத வீட்டுப் பூனையிடமிருந்து காட்டுப்பூனைகளுக்கு நோய் தொற்றும் அபாயமும் உண்டு. தோட்டத்தில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சும்மா விட்டுவிட்டு வந்தால், அது வளர்த்த பிராணியைக் கைவிடுவதுதான். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். இதை வீட்டுக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இனி அத்தை சொன்னது. அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் நாலு சுவருக்குள் கிடக்கும் பூனை நிஜமாகவே கஷ்டப்படும். இங்கிலாந்தில் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் பூனையை வெளியே விட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலோ, 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆக, எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. இங்கிலாந்துத் தெருக்களில் நம் ஊர் மாதிரி நாய்க்கூட்டம் இல்லை, அங்கே நாய்களிடம் வெறிநோயும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. குகை வீட்டில் ஓட்டிலிருந்து ஓட்டுக்குத் தாவினால் நாயைப் பார்க்காமலே தெருவைக் கடந்துவிடுவாள். இரண்டாவது மாடியிலிருந்து அவளுக்கு ஒரே வழி படிக்கட்டு. அது நேராக நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் கொண்டுபோய் விடுகிறது. வீட்டில் குழந்தை இருக்கும்போது வெறிநோயில் துணிச்சல் காட்டவே கூடாது. தெருப் பூனையோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

சரி, உள்ளே என்ன செய்வது?

முதல் வேலை கருத்தடை அறுவைச் சிகிச்சை. ராத்திரிக் கத்தலில் பாதி இடம் மாறிய பதற்றம் என்றால், மீதி பருவத்துக்கு வந்த கத்தலாக இருக்கலாம். நம் ஊரில் பெண் பூனை ஏறக்குறைய வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும், இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். அறுவைக்குப் பின் தையல் ஆறும்வரை பத்துப் பதினான்கு நாள் எப்படியும் உள்ளேதான் இருக்க வேண்டும். அந்த நாட்களையே வீட்டுக்குப் பழக்கும் நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிகளையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். வெளியே போகாத பூனைக்கும் ஊசி தேவை, சில வைரஸ்கள் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்தது சாப்பாடு. பால்சோறும் தயிர்சோறும் போட்டு வளர்த்த பூனைகள் நன்றாகத்தானே இருந்தன என்று பலர் கேட்பார்கள். அவை நாம் போட்ட சோற்றில் மட்டும் வாழவில்லை. எலி, பல்லி, ஓணான் என்று மீதியை வெளியே தேடிக்கொண்டன. பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து அவசியம், அது மாமிசத்தில்தான் கிடைக்கும். அது குறைந்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். கதவைச் சாத்திவிட்டுத் தயிர்சோறு மட்டும் போட்டால் அது பட்டினிக்குச் சமம். கடையில் கிடைக்கும் பூனை உணவையே முக்கியமாகக் கொடுங்கள், கூடவே வெங்காயம், பூண்டு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழியோ மீனோ கொடுக்கலாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தானியம் சேராத மாமிச உணவு சாப்பிட்ட பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. வெளியே ஓடும் அந்தத் துடிப்பில் ஒரு பங்கை வீட்டுக்குள்ளேயே தீர்க்க முடியும் என்பதற்கு இது போதும்.

விளையாட்டை அத்தையிடம் ஒப்படையுங்கள், அவருக்குத்தான் பொன்னி மேல் உயிர். ஒரு குச்சி நுனியில் துணிப்பந்தைக் கட்டி, தரையோடு இழுத்து, சோபாவுக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். எலி அப்படித்தான் ஓடும். கடைசியில் அவள் அதைப் பிடிக்கட்டும், பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். பூனைக்குச் சுறுசுறுப்பு ஏறுவது விடியலிலும் அந்தியிலும். ராத்திரி படுப்பதற்கு முன் ஆடி, சாப்பிட்டுவிட்டால் நக்கித் துடைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். விளையாடி முடிந்ததும் குச்சியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தறி நூலையோ தையல் நூலையோ அவள் கண்ணில் படும்படி போடாதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சோபாவைக் கிழிப்பதற்கு அடிக்க வேண்டாம். நகம் தீட்டுவது அவள் பிறவிக் குணம். மூன்றடி உயரக் கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்தி, அந்தச் சோபா பக்கத்திலேயே வையுங்கள். பீரோ மேல் ஏறி உட்கார ஒரு பழைய போர்வை போட்டு வைத்தால், ஓட்டின் மேல் உட்கார்ந்து பழகியவளுக்கு அந்த உயரம் கிடைத்துவிடும்.

மிதியடியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தை ஃபினாயிலால் கழுவாதீர்கள், அது பூனைக்கு விஷம், பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும். மணல் தொட்டி இரண்டு வையுங்கள், சாப்பாட்டுத் தட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தள்ளி. குகை வீட்டில் அவள் வழக்கமாகப் போகும் மூலையிலிருந்து ஒரு பை மண் அள்ளி வந்து அதில் கலந்துவிடுங்கள். தெரிந்த வாசனை வந்ததும் பெரும்பாலும் பழகிக்கொள்வாள்.

பால்கனிக்குப் புறா வலை மட்டும் கட்டினால் போதாது, நைலானைக் கடித்து ஓட்டை போட்டுவிடுவாள். கிரில் கடையில் அளவு கொடுத்து இரும்பு வெல்டு மெஷ் அடியுங்கள். பூனை எப்படி விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடையும் காலும் உடைந்து வரும் பூனைகள் உண்டு. மெஷ் அடித்த பிறகு அங்கே ஒரு பலகை போட்டுவிட்டால் அணில், காகம், தெரு எல்லாம் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிப்பாள். அத்தைக்கும் கொஞ்சம் மனசு ஆறும்.

பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். நடுராத்திரி கத்தலுக்கு இரங்கி ஒரே ஒரு தடவை கதவைத் திறந்தாலும், கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்வாள். அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சில் நில்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொட்டியில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தாலோ, ஒரு நாளைக்கு மேல் எதையுமே சாப்பிடாமல் கிடந்தாலோ அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரல் சீக்கிரம் கெட்டுவிடும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.