கேள்வி–பதில்: சூரியனுக்குப் பக்கத்தில் புதன், ஆனால் கொதிப்பது வெள்ளி

கேள்வி: சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் சூரியக் குடும்பத்திலேயே அதிகச் சூடான கோள் வெள்ளி என்று என் மகளின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: புத்தகம் சரிதான். புதனில் பகல் வெப்பம் சுமார் 430 டிகிரி செல்சியஸ் வரை போகும், ஆனால் அதைப் பிடித்து வைக்க அங்கே காற்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, அதனால் இரவில் மைனஸ் 180 வரை இறங்கிவிடும். வெள்ளியில் தரை வெப்பம் சுமார் 465. பகலிலும் அதுதான், இரவிலும் கிட்டத்தட்ட அதுதான், நடுக்கோட்டில் இருந்தாலும் துருவத்துக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இத்தனைக்கும் அங்கே ஓர் இரவு என்பது நம் கணக்கில் 58 நாள். அவ்வளவு நாள் வெயிலே படாமல் கிடந்தும் தரை ஆறுவதில்லை. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

‘பூமியை விடச் சூரியனுக்குப் பக்கம், அதனால் சூடு’ என்று பலரும் எளிதாக முடித்துவிடுகிறார்கள். பக்கம் என்பது உண்மைதான், சூரியனிலிருந்து சுமார் 10.8 கோடி கிலோமீட்டர், பூமி மேல் விழுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் அதன் மேல் விழுகிறது. ஆனால் அதில் முக்கால் பங்கைக் கந்தக அமில மேகங்கள் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன (விடிவெள்ளி அவ்வளவு பளீரென்று தெரிவதும் இந்த மேகங்களால்தான்). மிச்சத்தைக் கணக்குப் பார்த்தால், வெள்ளி உள்ளே வாங்கிக்கொள்ளும் வெப்பம் பூமி வாங்குவதை விடக் குறைவு! அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளி மைனஸ் 40 டிகிரி வாக்கில் உறைந்து கிடக்க வேண்டும்.

அப்போது மீதி 500 டிகிரி எங்கிருந்து வந்தது? எல்லாம் வளிமண்டலம் செய்யும் வேலை. அதில் 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரையை எட்டும் கொஞ்சநஞ்ச வெளிச்சம் தரையைச் சூடாக்குகிறது, சூடான தரை அகச்சிவப்புக் கதிராக அதை வெளியே விட முயல்கிறது, ஆனால் அந்தக் கதிர் கார்பன் டை ஆக்சைடைத் தாண்டிப் போக முடியாது. அது தவறவிடும் கொஞ்சத்தையும் நீராவி, கந்தக டை ஆக்சைடு, மேகங்கள் எல்லாம் சேர்ந்து மறித்துவிடுகின்றன. கடைசியில் வெப்பம் விண்வெளிக்குத் தப்புவது 60 கிலோமீட்டருக்கும் மேலே, மேக உச்சிகளுக்குப் பக்கத்திலிருந்துதான். அங்கிருந்து கீழே இறங்க இறங்க, கிலோமீட்டருக்குச் சராசரியாக 8 டிகிரி கூடிக்கொண்டே வருகிறது. பெருக்கிப் பாருங்கள், தரைக்கு வரும்போது எங்கே நிற்கும் என்று.

பூமியிலும் கார்பன் குறைவில்லை. ஆனால் நம் கார்பனில் பெரும்பகுதி கடல்களின் தயவால் சுண்ணாம்புப் பாறையாகிப் பூமிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளியில் இருந்த நீர் ஆவியாகி, புற ஊதாக் கதிரால் உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போய்விட்டது, அதனால் கார்பனைப் பாறைக்குள் பூட்ட வழியில்லாமல் அது காற்றிலேயே தங்கிவிட்டது. அங்கே ஒரு காலத்தில் கடலே இருந்ததா என்பதில் மட்டும் விஞ்ஞானிகளிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: இந்த 465 டிகிரியை யார் போய் அளந்தார்கள்?
– ஒரு மாணவர், விருதுநகர்

பதில்: சோவியத்தின் வெனேரா 7 விண்கலம். அதற்கு முன்பே, 1956இல் அமெரிக்க ரேடியோ தொலைநோக்கிகள் வெள்ளி மிகச் சூடு என்று காட்டின, 1962இல் மரைனர் 2 பக்கத்தில் பறந்து அதை உறுதிப்படுத்தியது. அதுவரை மேகத்துக்கடியில் சதுப்புக் காடு இருக்கும் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். வெனேரா 7 தரையைத் தொட்டது 1970 டிசம்பர் 15. பாராசூட் கிழிந்து வேகமாக விழுந்து, மிக மெல்லிய சிக்னலில் 23 நிமிடம் வெப்பநிலையை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்தது. சுமார் 475 டிகிரி. 1982இல் வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்து வண்ணப் படமும் அனுப்பியது. என்னைக் கேட்டால், மனிதன் செய்த எந்திரங்களில் இதை விடக் கெட்டிக்காரத்தனமானவை குறைவு.

கேள்வி: வெள்ளியில் காற்றழுத்தம் பூமியைப் போல 92 மடங்கு. சூட்டுக்கு அந்த அழுத்தமே காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாதி உண்மை. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடும், ஆனால் மறுநாள் காலையில் டியூபுக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும், சூடு இருக்காது. அழுத்தம் மட்டும் இருந்தால் வெப்பம் தொடர்ந்து உண்டாகாது. அடர்த்தியான காற்று இன்னும் நன்றாகக் கதிரை மறிக்கிறது, வெப்பம் தப்பும் இடத்தையும் மேலே தள்ளிவிடுகிறது, அழுத்தத்தின் பங்கு அதுதான்.

கேள்வி: செவ்வாயிலும் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு என்கிறார்கள், அது மட்டும் ஏன் குளிர்கிறது?
– அதே வாசகர்

பதில்: விழுக்காட்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, கூடவே சூரியனிலிருந்து தொலைவும் அதிகம். சராசரி மைனஸ் 60 வாக்கில் இருக்கும். நடுக்கோட்டில் நண்பகலில் 20 டிகிரி வரை ஏறலாம், இரவில் விழுந்துவிடும். குளிர்காலத் துருவத்தில் அந்தக் கார்பன் டை ஆக்சைடே உறைந்து தரையில் படிகிறது.

கேள்வி: வெள்ளியில் சுகமான இடமே கிடையாதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உண்டு, ஆனால் தரையில் இல்லை. சுமார் 50 முதல் 55 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் நம்மூர் அளவுக்கு வந்துவிடும், அந்த அடுக்கின் மேற்பகுதியில் வெப்பமும் தாங்கும்படி இருக்கும். 1985இல் சோவியத்தின் வேகா விண்கலங்கள் விட்ட இரண்டு பலூன்கள் அங்கே இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக மிதந்தன. குடிபோக நினைத்தால் பலூனோடு அமிலம் அரிக்காத சட்டையும், மூச்சு விட ஆக்சிஜனும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.