பழைய டெஸ்க்டாப்பில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கையில் காசு குறைவு. கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் கேம் ஆடுவதாகச் சொல்லவே இல்லையே! குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். முதல் காசை 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியில் (ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா கேபிளில் மாட்டும் வேகமான சேமிப்பகம்) போடுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி படிக்கவே திணறும். எஸ்எஸ்டி 500ஐத் தொடும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள், உங்கள் போர்டில் அதற்கு அநேகமாக இடம் இருக்காது.

அப்புறம் ரேம். உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை. நான் ஒருமுறை அவசரத்தில் டிடிஆர்4 வாங்கி வந்து, பொருந்தாத ஸ்லாட்டில் பத்து நிமிடம் அழுத்திப் பார்த்த ஆள். இப்போதெல்லாம் பழைய ரேமைக் கழற்றி, ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேருங்கள், போதும்.

விண்டோஸ் 11 ஆசை இருந்தால்தான் சிக்கல். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளையைத் தொட வேண்டாம், எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் பழையதே தாங்கும்.