எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் காண்டம் தவிர வேறு கருத்தடை கிடையாதா?

இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள். எச்.ஐ.வி மருந்து தரும் இடத்தில் காண்டத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கேட்டால் "உங்களுக்கு அங்கேதான் பார்ப்பாங்க" என்று திருப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் எச்.ஐ.வி இருக்கிறது, இந்த அலைக்கழிப்பு நன்றாகவே தெரியும். ஒரு பிரிவில் எழுதிக்கொடுத்த மருந்து மற்ற பிரிவுக்குத் தெரியாது, நடுவில் நாம்தான் சொல்லியாக வேண்டும்.

காண்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, மற்ற பால்வினை நோய்களுக்கு அதுதான் தடுப்பு. ஆனால் அதை மட்டும் நம்பினால், எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்துகிற லட்சணத்தில், வருடத்தில் 100 பெண்களுக்குச் சுமார் 13 பேர் கர்ப்பமாகிறார்கள். காப்பர்-டியில் இது ஒன்றுக்கும் குறைவு. அதோடு காண்டம் போடுவதும் போடாததும் ஆணின் கையில்தானே இருக்கிறது? காப்பர்-டி, ஊசி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்பிளான்ட், மாத்திரை எல்லாமே நமக்கும் உண்டு. நோய் முற்றி உடம்பு ரொம்ப மோசமாக இருந்தால் மட்டும், தேறும் வரை காப்பர்-டியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது நீங்கள் எடுக்கும் மருந்தின் பெயர். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி மருந்து என்றால் இம்பிளான்ட்டில் இருந்து வரும் ஹார்மோனைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும், அது உள்ளே இருக்கும்போதே கர்ப்பமானவர்கள் உண்டு. உறவுக்குப் பின் அவசரத்துக்குப் போடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கும் இதே கதிதான், அப்போது உறவு கொண்ட 5 நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாத ஊசியை எஃபாவிரென்ஸ் கெடுப்பதில்லை. டோலுடெக்ராவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி மருந்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையும் இம்பிளான்ட்டும் அதற்கு ஒத்துவராது.

டோலுடெக்ராவிர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2018-இல் போட்ஸ்வானா ஆய்வொன்றில் குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாடு (கருவில் மூளை, முதுகுத்தண்டு சரியாக உருவாகாதது) பற்றிச் சந்தேகம் எழுந்ததும், பல இடங்களில் கருத்தடை எடுத்தால்தான் அந்த மருந்து என்றார்கள். மேலும் தரவு வந்தபின் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கும் அதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. ஒருபக்கம் கருத்தடை கேட்டால் இல்லை, இன்னொரு பக்கம் கேட்காமலே திணிப்பு! நமீபியாவில் எச்.ஐ.வி உள்ள பெண்களிடம் பிரசவ வலியில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை ஆபரேஷன் செய்தது தவறு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பே சொன்னது. அதனால் ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால், யோசித்து அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் குழந்தை வேண்டும் என்று தோன்றினாலும் தப்பில்லை, மருந்து ஒழுங்காக எடுத்து வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) அடங்கியிருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு.

சரி, அடுத்த முறை போகும்போது உங்கள் மருந்து டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள். வரிசையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை, தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு, கதவைச் சாத்தியபின் டப்பாவைக் காட்டுங்கள்.