ஒரு வயதுக்கு முன் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது, சேனை வைக்கும்போது நாக்கில் தொட்டு வைக்கும் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் சில சமயம் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உறங்குநிலையில் இருக்கும். அவை கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கும் நஞ்சை உண்டாக்குவதையே சிசு பொட்டுலிசம் என்கிறார்கள்.

பெரியவர்களின் குடலில் நிறைந்திருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த வித்துகளுக்கு இடம் கொடுப்பதில்லை. பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் களை தலைதூக்க முடியாது, உழுது வெறுமனே கிடக்கும் நிலத்திலோ அது தாராளமாக முளைக்கும். முதல் 12 மாதங்களில் குழந்தையின் குடல் ஏறக்குறைய அப்படிப்பட்ட நிலம்தான்.

முதலில் தெரிவது பெரும்பாலும் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகுரல் மெலியும், இமைகள் சரியும், தூக்கும்போது தலை நிற்காமல் துவளும். மூச்சுத் தசைகளும் தளரக்கூடும் என்பதால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நோய் அரிதானதுதான், ஆனாலும் அந்த வயதில் தேன் தரும் எந்த நன்மையும் இந்த ஆபத்துக்கு ஈடாகாது.

சுத்தமான மலைத்தேன் என்றாலோ, காய்ச்சிக் கொடுத்தாலோ பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இந்த வித்துகள் கலப்படத்தால் வருபவை அல்ல, மண்ணிலும் தூசியிலும் இயல்பாக இருப்பவை, வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அவை அழிவதில்லை.