வீடியோ ஓடுகிறது, பாடம் நடக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி புரொஜெக்டரைப் பற்றி, மீதியில் பாதி "நல்ல ஆப் சொல்லுங்கள்" ரகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் 42 பேர். யாரிடமும் போன் இல்லை, கொண்டுவரவும் கூடாது. பயிற்சியில் கஹூட் காட்டினார்கள். எங்கள் வகுப்பில் அதை எப்படிப் பயன்படுத்துவது?
– அறிவியல் ஆசிரியை, அறந்தாங்கி

பயன்படுத்த முடியாது. வழக்கமான கஹூட் வினாடிவினாவில் திரையில் வரும் கேள்விக்குப் பிள்ளைகள் தங்கள் கருவியில் விடை தட்ட வேண்டும். உங்களுக்கு ஏற்றது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைக்கு ஓர் அட்டை, உங்களிடம் ஒரு போன், அவ்வளவுதான். அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தான் நினைக்கும் விடை மேலே வருகிற மாதிரி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார் என்று பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையிலும் கட்டம் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்பிப் பயனில்லை.

அட்டைகளை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். 40 அட்டைத் தொகுப்பும் உண்டு, 63 அட்டைத் தொகுப்பும் உண்டு, உங்களுக்கு இரண்டாவது. பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். கட்டத்தின் மேல் விரல் படாமல் பிடிக்க ஒரு பாடவேளை பழக்குங்கள்.

விடை வந்ததும் சரி, தவறு சொல்லி அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது இதுதான்: கேள்வி, அவரவர் விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிட வாக்குவாதம், மறுபடி விடை. முதல் சுற்றில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேச விடுங்கள். அதற்குக் கீழே போனால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். மேலே போனால் அடுத்ததுக்குப் போகலாம். ஒரு பாடவேளைக்கு ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம்.

சார், மாணவர்களைக் கவர நல்ல ஆப் ஒன்று சொல்லவும். அவசரம்.
– பெயர், ஊர் இல்லை

எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள், பள்ளியில் என்ன கருவி இருக்கிறது? ஒன்றும் இல்லை. காய்ச்சலா, கால்வலியா என்று சொல்லாமல் மாத்திரை கேட்கிறீர்கள். விவரத்தோடு எழுதுங்கள்.

பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வகுப்பில் மானம் போகிறது.
– இடைநிலை ஆசிரியர், விருத்தாசலம்

வகுப்பில் போய் ஸ்கேன் செய்வதுதான் பிழை. 2018இல் புதிய புத்தகங்கள் வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் கேமராவில் ஸ்கேன் செய்யாதீர்கள், அரசின் பாடச் செயலியான தீக்ஷாவுக்குள் இருக்கும் ஸ்கேனரைப் பயன்படுத்துங்கள். அச்சு மங்கியிருந்தால் குறியீட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு எழுத்தைத் தட்டச்சு செய்தாலும் திறக்கும். முதல் நாள் இரவே வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள்.

தினமும் ஸ்மார்ட் போர்டில் வீடியோ போடுகிறேன். முதல் வாரம் ஆர்வமாகப் பார்த்தார்கள். இப்போது தூங்குகிறார்கள், இல்லாவிட்டால் பேசுகிறார்கள். இதைவிட நல்ல வீடியோக்கள் எங்கே கிடைக்கும்?
– பட்டதாரி ஆசிரியர், திருச்செங்கோடு

இதைவிட நல்ல வீடியோ கிடைத்தாலும் இரண்டாவது வாரம் தூங்கத்தான் போகிறார்கள். குறை வீடியோவில் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே காட்சி. மதிய உணவு முடிந்த முதல் பாடவேளை. ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மின்விசிறியை வேகமாக வைத்திருப்பார்கள். திரையில் 14 நிமிட வீடியோ. கடைசி பெஞ்சில் ஆசிரியர் உட்கார்ந்து கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். வீடியோ முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று ஒரு குரல். "புரிஞ்சுது சா...ர்" என்று 40 குரல். மணி அடித்துவிடும். இதற்குப் பெயர் தொழில்நுட்பவழிக் கற்பித்தல்! அந்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னதா, நோட்டில் ஒரு வரி எழுதியதா? பார்வையிட வருகிறவரும் "எத்தனை நிமிடம் திரை ஓடியது" என்றுதான் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். பிள்ளை எத்தனை நிமிடம் யோசித்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் டேப் என்று அரசு செலவழித்திருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது, மணற்கேணி செயலி 2023இல் வந்தது. வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. இன்னும் வீடியோ தேடித்தான் எனக்குக் கடிதம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? 1971இல் அப்போலோ 15இல் போன டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் பருந்து இறகும் பிடித்து, இரண்டையும் ஒன்றாகக் கீழே விட்டார். நாசாவின் அந்தப் படம் ஒரு நிமிடம்கூட இல்லை. இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட விட்டு, அவர் கையை விடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். "எது முதலில் தரையைத் தொடும்?" சுத்தியல், இறகு, இரண்டும் ஒன்றாக – மூன்றில் ஒன்றை எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது. ஏன் என்று ஒரு வரியும் வேண்டும். பெரும்பாலானவர்கள் சுத்தியல் என்பார்கள். இரண்டு மூன்று பேரைக் காரணம் சொல்ல வையுங்கள். எதிர்க்கட்சிக்காரரையும் எழுப்புங்கள். சண்டை சூடு பிடித்ததும் ஓட விடுங்கள்.

இரண்டும் ஒன்றாக விழும். வகுப்பு ஒரு கணம் வாயடைத்துப் போய், அப்புறம் கத்தும். கத்தட்டும். திரையை அணைத்துவிடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை. ஒரு நோட்டையும் தனித்தாளையும் அருகருகே பிடித்துக் கீழே விடச் சொல்லுங்கள். தாள் ஆடி ஆடித் தாமதமாக வரும். பிறகு அதே தாளை நோட்டின் மேல் படிய வைத்து விடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். "இப்போது மட்டும் ஏன்?" காற்றின் தடை என்ற பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும். திரை ஓடியது ஒரு நிமிடம், வகுப்பு ஓடியது அரைமணி நேரம்.

எந்த வீடியோவையும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். பெரிய வீடியோ என்றால் வேண்டிய துண்டை மட்டும் போடுங்கள். எங்கே நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்று முதல் நாளே பாடக்குறிப்பில் எழுதுங்கள். நிறுத்த இடம் கிடைக்காத வீடியோ வகுப்புக்கு ஆகாது. விளக்கை அணைக்காதீர்கள், ஓடும்போது முன்னால் நில்லுங்கள். எமிஸ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதைப் பிள்ளைகளின் பாடவேளையில் முடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் இருபடிச் சமன்பாட்டு வரைபடம் காட்டினேன். ரசித்தார்கள். தேர்வில் அதே கேள்வியை விட்டுவிட்டார்கள்.
– கணித ஆசிரியர், சின்னசேலம்

ரசித்தது உங்கள் விரல் ஸ்லைடரை நகர்த்தியதை. பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அங்கே ஸ்லைடர் கிடையாது, வரைபடத் தாளும் பென்சிலும்தான். வரிசையை மாற்றுங்கள். முதலில் அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, வளைவரையைக் கையால் வரையட்டும். பிறகு ஜியோஜீப்ராவில் அதே சமன்பாட்டைக் கொடுத்து, தன் படத்தோடு ஒத்திருக்கிறதா என்று அவரவரே சரிபார்க்கட்டும். x² முன்னால் உள்ள எண்ணைக் குறைத்தால் வளைவரை விரியுமா, ஒடுங்குமா என்று கேட்டு, பதில் எழுதிய பிறகே ஸ்லைடரைத் தொடுங்கள். மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓடும். அதையும் முதல் நாளே கணினியில் நிறுவி வையுங்கள்.

முன்னாள் மாணவர்கள் 3 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு முழுக்க டேப் வாங்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். நான் பெரிய தொடுதிரைப் பேனல் வாங்கலாம் என்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, பண்ருட்டி

தீர்ப்புச் சொல்ல வகுப்பறையின் அளவாவது வேண்டும். எழுதவில்லை. போகட்டும்.

டேப்புக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு லேப்டாப் வாரிக் கொடுத்தார்கள். 300க்கும் மேற்பட்ட பள்ளிகளைப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில் நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல பலன். காரணம், அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் சோதித்து, நாலாம் வகுப்புக் கணக்கிலேயே நிற்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. மாலைநேர மையத்தில் கூடவே ஆசிரியரும் இருந்தார். டேப்பில் என்ன ஓடப்போகிறது, யார் பக்கத்தில் இருப்பார் என்ற இரண்டுக்கும் தலைமையாசிரியரிடம் பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் பேட்டரி உப்பி பீரோவில் கிடக்கும்.

பேனல் என்றால் ஒன்று போதும். வெளிச்சம் அதிகமுள்ள அறைக்குப் புரொஜெக்டரைவிட அதுவே மேல். எஞ்சிய பணத்தில் யுபிஎஸ், நல்ல வயரிங், எர்த். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் எர்த் இல்லாமல் எதையும் சொருகாதீர்கள்.

வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்ற பள்ளிகளில் எழுத்து உடைந்து ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறதாம்.
– தமிழாசிரியர், ஆரணி

வானவில் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். எந்தக் கருவியிலும் உடையாமல் தெரியும் யூனிகோடை அரசு ஏற்றது 2010இல்! தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும். அதுவரை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மலைக்கிராமப் பள்ளி. டவர் கிடைக்காது. எங்களுக்கும் ஏதாவது உண்டா?
– ஆசிரியர், கல்வராயன் மலை

உண்டு. கிவிக்ஸ் என்றொரு இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமல் தேடிப் படிக்கலாம். கீழே இறங்கும்போது பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். கோலிப்ரி என்பது இன்னொன்று: ஒரு லேப்டாப்பில் பாடங்களை ஏற்றிவிட்டால், சாதாரண வைஃபை ரூட்டர் வழியாக மற்ற கருவிகளிலும் திறக்கும். இயற்பியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) பாவனைகளையும், அதாவது திரையில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிச் சோதனைகளையும், இறக்கி வைக்கலாம், பல தமிழிலேயே கிடைக்கின்றன. ஊசல் பாவனையை ஓட்டினால், கூடவே ஜன்னல் கம்பியில் நூலும் கல்லும் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மீட்டர் நூல் என்றால் போய்வர இரண்டு விநாடி. கால் மீட்டராகக் குறைத்தால் ஒரு விநாடி. நூலைக் கால்பங்காக்கினால் நேரம் ஏன் பாதிதான் ஆகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் சாட்ஜிபிடியில் எடுத்து அப்படியே எழுதுகிறார்கள்.
– ஆசிரியை, தக்கலை

"மழைநீர் சேகரிப்பின் நன்மைகள்" என்று தலைப்புக் கொடுத்தால் அப்படித்தான். "உங்கள் தெருவில் எந்த வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது, மூன்று வீட்டைப் பார்த்து எழுது" என்று கேளுங்கள். வகுப்பிலேயே எழுத வைப்பது இன்னும் நல்லது. நீங்களும் அதில் ஒருமதிப்பெண் வினாக்கள் தயாரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயாரியுங்கள், ஆனால் ஒவ்வொரு விடையையும் புத்தகத்தோடு ஒப்பிடாமல் நகலெடுக்காதீர்கள். தப்பான விடையையும் அது அடித்துச் சொல்லும்.

ஸ்மார்ட் வகுப்பு நடக்கும் படத்தைத் தினமும் குழுவில் போடச் சொல்கிறார்கள். சில ஆசிரியர்கள் ஸ்டேட்டஸிலும் வைக்கிறார்கள். சரியா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

ஸ்டேட்டஸ் கூடவே கூடாது. 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். போட்டே ஆக வேண்டும் என்றால் வகுப்பின் பின்னாலிருந்து, முகம் தெரியாமல் எடுங்கள். படம் எடுப்பதற்காகப் பாடத்தை நிறுத்தாதீர்கள்.

நாலாம் வகுப்புப் பையனுக்குப் படிக்க டேப் வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், தாம்பரம்

வேண்டாம். 2023 யுனெஸ்கோ அறிக்கைப்படி அப்போதே ஏறத்தாழ நான்கில் ஒரு நாடு பள்ளியில் போனைத் தடை செய்திருந்தது. ஸ்வீடன் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் காசுக்குக் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள்.

லேப்டாப் ஸ்பீக்கர் சத்தம் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாமா?
– ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை

ஸ்பீக்கர் வாங்குங்கள், ஆயிரம் ஆயிரத்தைந்நூறில் முடியும். புளூடூத் வேண்டாம், ஒயரில் சொருகுவதாகப் பாருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் போன் போய் அதில் ஒட்டிக்கொண்டால், அவர் வீட்டு அழைப்பு உங்கள் வகுப்பில் ஒலிக்கும்.