பதில்: 40 பேர் உழைத்தும் ஏன் தோற்றோம்?

40 பேர் இரவு பகலாக உழைத்தும் வார்டு தேர்தலில் அண்ணன் மூன்றாவதாக வந்தார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது. உழைப்பில் குறையில்லை. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சிப் போட்டியில், ஹோவர்ட் டீன் என்ற போட்டியாளருக்கும் இதுதான் நடந்தது. வெளி மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். திறந்தவருக்கோ எதிரே முன்பின் தெரியாத முகம். முதலில் வந்த ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம், டீனுக்கு 18, மூன்றாம் இடம். (டீனும் இன்னொரு போட்டியாளரான கெப்ஹார்ட்டும் மாறி மாறித் தாக்கிக்கொண்டதும் ஒரு காரணம்.)

சரி, உங்கள் 40 பேரில் அந்தந்தத் தெருக்காரர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை அங்கேயே குடியிருப்பவர் முன்னால் போகட்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் நோட்டீஸை நீட்டுங்கள்.